அறுந்துபோக ஒரு இடம்

மறுபடியும் கை அந்த முடிச்சையே போட்டுவிட்டிருந்தது. எட்டியப்பன் அதைப் பார்த்து மணலில் துப்பினான். யார் கேட்டார்கள் இதை? குதிரையின் மூக்குத்தண்டின் மேல் உட்காருகிற இடத்தில், இழுத்தாலும் இறுகாமல் போட்ட இடத்திலேயே சும்மா கிடக்கிற ஒரு ஒற்றை முடிச்சு, அவ்வளவுதான் வேண்டியது, பச்சைப் பிள்ளைகூடப் போட்டுவிடும், அதைப் போடத்தான் கயிற்றை மடக்கினான், மடக்கினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதற்குள் கண் எங்கேயோ போய்விட்டது, தண்ணீர் ஓரத்தில் பலூன் சுடுகிற பலகையை ஒருத்தன் தூக்கி நிறுத்துவதைப் பார்த்தானோ என்னவோ, திரும்பினால் கை தன் பாட்டுக்கு இன்னொரு சுற்று சுற்றி, அடியில் விட்டு மேலே வாங்கி, வெடுக்கென்று இழுத்து, கட்டுமரத்துக்குப் போடுகிற முடிச்சாக்கி வைத்திருக்கிறது. நனைந்தால் இறுகும், இழுத்தால் இறுகும், யார் வந்து கெஞ்சினாலும் அவிழாது. பாவிக் கை. ஆணியை எடுத்து முடிச்சின் வயிற்றில் குத்தி நெம்பினான், கொஞ்சம்தான் அசைந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் போட்டின் நிழல் அவன் காலடி வரைக்கும் வந்திருந்தது, அந்த நிழலின் மறுகோடியில் புதுப் பெட்டைக் குதிரை நின்றுகொண்டு, ஒரு பின்னங்காலை மடித்து மற்றதுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு, இவன் படுகிற பாட்டை இவன் பெண்டாட்டி கஜாவின் பழைய ஊதாப் புடவைக்கு மேலாக எட்டிப் பார்த்தது. அந்தப் புடவையால்தான் இரண்டு நாளாக அதைக் கட்டிவைத்திருக்கிறது. இன்று அதற்குத் தலைக்கயிறு முடித்தாக வேண்டும். கஜா காலையிலேயே காசிமேட்டுக்குப் போய்விட்டாள், பிள்ளை பூபாலன் போன மீன்பிடி லாஞ்சு வந்துவிட்டதாம், பொழுது சாய்வதற்குள் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பூபாலன் வந்து நிற்கும்போது குதிரை தலைக்கயிற்றோடு நிற்க வேண்டும், அந்தக் கயிறு எட்டியப்பன் கட்டினதாக இருக்க வேண்டும், அதைப் பார்த்துப் பிள்ளை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டே, போதுண்டா கடல், கரையிலேயே இரு, இதோ குதிரை வாங்கிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று அவன் கணக்கு.

புடவைக் கதை ஒரு கூத்து. செங்குன்றம் தாண்டி ஒரு சூளைக்காரரிடம்தான் குதிரை வாங்கினது, பேசி முடித்து, வெற்றிலை மாற்றி, குட்டி யானை வண்டியும் வந்து நின்றுவிட்டது, குட்டி யானையில குதிரைய ஏத்தறாங்கடா என்று அங்கே இருந்த பொடிசுகளெல்லாம் சிரிக்கிற சிரிப்பில், வீட்டுக்கார அம்மா வந்து குதிரையின் தலையிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். குதிரை மொட்டைத் தலையோடு நிற்கிறது. "இன்னாம்மா, கயிறு?" என்றான். "குதிரதான் உனுது. கயிறு எங்க வூட்டுது. கயித்தக் குடுத்தா அதோட லச்சுமியும் பூடும். வாங்க வர்றவங்கதான் கயிறு எடுத்துனு வரணும், தெரியாதா உனுக்கு?" தெரியாது. மாடு கன்று வாங்கி விற்கிற குடும்பமா அவனுடையது? முன்னே இருந்த குதிரை சுல்தானை வாங்கினபோது எல்லாம் பீச்சில் குதிரை ஓட்டுகிற சிலார் பாய் பார்த்துக்கொண்டார், அவன் கண்ணில் இதெல்லாம் படவேயில்லை. பிறந்ததிலிருந்து கயிற்றோடேயே கிடந்தவன், வலைக்கயிறு, நங்கூரக் கயிறு, பாய்க்கயிறு, கட்டுக்கயிறு என்று கயிற்றைத் தொடாத நாள் ஒன்றுகூட இல்லாதவன், அன்றைக்கு இடுப்பைத் தடவிப் பார்க்கிறான், ஒரு முழம் கயிறு இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. வண்டியில் கஜா வெயிலுக்கு விரித்துக் கொடுத்திருந்த புடவைதான் இருந்தது. அதையே முறுக்கிக் கழுத்தில் லேசாகச் சுற்றி, "வாம்மா" என்றான், அது வந்தது. பலகை மேல் ஏறினது, வழியெல்லாம் அந்தப் புடவையில்தான் நின்றது, இழுக்கவும் இல்லை, முரண்டவும் இல்லை. ஒரு பல் பட்டால் கிழிந்துபோகிற துணி. அதை நினைத்து அவன் அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிடும்போதுகூட வாயில் போட்டதை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான், கஜா, "எம் பொடவையக் குதிரைக்குக் கட்டிட்டு யோசனை வேற" என்று திட்டினாள். கடையில் ரெடிமேடாக விற்கிற பட்டை இருக்கிறது, வாங்கிப் போட்டுவிடலாம், ஆனால் இதன் மூக்கின் மேல் ஒரு தழும்பு, யாரோ எப்போதோ சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள், ரோமம் போய் வெள்ளையாக வழவழவென்று இருக்கிறது, எந்தப் பட்டை போட்டாலும் அங்கேதான் போய் உராயும். கயிற்றில் என்றால் அந்தத் தழும்பைத் தாண்டி மேலே எலும்பில் உட்காருகிற மாதிரி முடிச்சைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று அவன் சிலார் பாயிடம் சொன்னான்.

கயிற்றை நீட்டிக் குதிரையின் முகத்தில் வைத்து அளந்தான். காதுக்குப் பின்னாலிருந்து கன்னத்து எலும்பு வரைக்கும் ஒரு சாணும் நாலு விரலும். மூக்கைச் சுற்றி, தாடைக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற மாதிரி. குதிரை அவன் மணிக்கட்டை முகர்ந்து பார்த்து மூச்சு விட்டது, சூடாக, கொள்ளு வாசனையோடு. சுல்தானும் இப்படித்தான் விடுவான். சுல்தான் என்று பேர் வைத்ததே பூபாலன்தான், அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை அவனுக்கு, குளிப்பாட்டுகிறதென்ன, வாலுக்கு எண்ணெய் வைக்கிறதென்ன, பெற்ற தாய்கூட அப்படிப் பார்க்க மாட்டாள், கடல் பக்கமே திரும்பாமல் குதிரையே கதியென்று இருந்தான், எட்டியப்பனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவன் பிள்ளையையும் கொடுப்பானா? அதற்காகத்தானே வலையை விற்றுக் குதிரை வாங்கினான். வாங்கினவன் பேசாமல் இருந்திருக்கலாம். பழைய தலைக்கயிறு நைந்துபோய்விட்டது என்று தன் கையாலேயே புதுசு கட்டினான், வலையின் மேல்கயிறு, நைலான், யானை இழுத்தாலும் போகாது என்று பெருமை வேறு. மாட்டினான், சுல்தானை நங்கூரத்தில் கட்டினான். விடியற்காலையில் நாய்கள் வந்து வளைத்துக்கொண்டு குரைத்திருக்கின்றன. குதிரை மிரண்டு பின்னால் இழுத்திருக்கிறது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, மூக்குக் கயிறு எலும்பை விட்டு நழுவிக் கீழே மெத்தென்று இருக்கிற இடத்துக்கு இறங்கி, அங்கே இறுகி, மூச்சை அடைத்து. அவன் கட்டின முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது மணல் முழுக்கக் குளம்பு வாரின தடம், நங்கூரம்கூட ஒரு அடி நகர்ந்திருந்தது, முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி. பூபாலன் அவிழ்க்கப் பார்த்தான், நகம் பிய்ந்ததுதான் மிச்சம், கடைசியில் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து அறுத்தான். கார்ப்பரேஷன் லாரி வந்து தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. போன பிறகு திரும்பி, கத்திப் பேசியிருந்தாலாவது பரவாயில்லை, மெதுவாகத்தான் சொன்னான். "இனிமே உன் கையால எந்த உசுரு மேலயும் கயிறு போடாத, நைனா." மறுநாளே லாஞ்சுக்குப் போய்விட்டான். வருகிறான், பையைப் போடுகிறான், அம்மாவிடம் பேசுகிறான், தூங்குகிறான், போய்விடுகிறான். நைனா சாப்ட்டாரா என்றுகூட அம்மாவிடம்தான் கேட்கிறான், நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது.

எந்த உசுரு மேலயும். மூக்குக் கயிற்றின் இரண்டாவது முடிச்சைப் போடும்போது அந்த வார்த்தை வந்து விரலுக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எந்த உசுரு மேலயும் என்றால்? குதிரையை மட்டுமா சொன்னான்? ஒரு வாரம் கழித்துத்தான் இவனுக்கு அது உறைத்தது, அவன் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னானோ என்று. சின்ன வயதில் கட்டுமரத்தில் கூட்டிக்கொண்டு போகும்போது அலை அடித்துக்கொண்டு போய்விடக்கூடாதென்று பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டித் தன் இடுப்போடு முடிந்துகொள்வான். கரைக்கு வந்தால் இடுப்பைச் சுற்றிச் சிவந்து கிடக்கும், கஜா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இவனைக் கரித்துக்கொட்டுவாள். பிறகு கடலும் வேண்டாம் என்று குதிரைக்கு மாற்றினது, ஃப்ரெண்ட்ஸோடு போட்டில் ஏறினான் என்று ஒரு தரம் நடு பீச்சில் வைத்து அறைந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான். நல்லதுக்கென்று இல்லாமல் வேறு எதற்குக் கட்டுகிறான் மனுஷன்? கெட்டது நினைத்துக் கட்டினானா சுல்தானை? "அரே எட்டி, கயித்துகிட்ட இன்னா பேசினு கீற?" என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தான். சிலார் பாய் தன் சிவப்புக் குதிரையின் மேல் உட்கார்ந்து, முதுகில் ஜிகினா வைத்த ஜூல் துணி தொங்க, வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டார். இந்தப் பீச்சில் முப்பது வருஷமாகக் குதிரை ஓட்டுகிறவர், இவனைவிட ஒரு வயது சின்னவர், ஆனால் குதிரை விஷயத்தில் இவனை ஒரு பாப்பா மாதிரித்தான் நடத்துவார். குனிந்து பார்த்தார். "ரெண்டாவது முடிச்சு சரி. மொதல்து கட்டுமரத்து முடிச்சு. அவுத்துடு." "அவுத்துனுதான் கீறேன் பாய்." "நா கட்டிக் குடுக்கறேன்னு சொன்னேன், கேக்கல நீ. பீடி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கட்டிப் போட்டிருப்பேன்." "வோணாம் பாய். நானே கட்டறேன்." சிலார் பாய் சிரிக்கவில்லை. "சரி, நீயே கட்டு. ஆனா ஒண்ணு. குதிரைக்கு வாயால மூச்சு வாங்கத் தெரியாது. நாயி வாங்கும், மாடு வாங்கும், நீயி நானு வாங்குவோம். இதுக்கு மூக்கு ஒண்ணுதான். பயந்துச்சுன்னா பின்னால இழுக்கும். இழுத்தா ஏதோ ஒண்ணு போயித்தான் தீரும், ஒண்ணு கயிறு, இல்ல குதிரை. கயிறு போவட்டும்னு நீதான் ஒரு எடம் வச்சுக் கட்டணும். ஓடிச்சுன்னா ஓடட்டும்யா, புடிச்சினு வந்துக்கலாம்." குதிரையைத் தட்டினார், போய்விட்டார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவருடைய ஜாதகத்தில் கடல் இல்லை.

இடுப்பில் நார் குத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே குத்திக்கொண்டிருக்கிறது, லுங்கி மடிப்பில் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிற தேங்காய் நார்க் கயிறு, ஒரு முழம், கடைக்காரப் பையனிடம் கேட்கும்போதே குரல் பிசிறிவிட்டது. எட்டியப்பன் வீட்டுக்குள் தேங்காய் நார் வந்து எத்தனையோ வருஷம். ஏகாம்பரம் போன அன்றைக்கு வீட்டில் இருந்த நார்க் கயிறு அத்தனையையும் வாரிக்கொண்டுபோய் எரித்தான், பாத்திரம் தேய்க்கிற நாரைக்கூட விடவில்லை, இன்றைக்கு வரைக்கும் கஜா பச்சைப் பிளாஸ்டிக் வலையில்தான் சட்டி தேய்க்கிறாள், தேங்காயை வெளியிலேயே உரித்துக்கொண்டு வந்துதான் உள்ளே நுழைகிறாள். ஏகாம்பரம் அவனுக்கு ஒரே தம்பி. இரண்டு பேரும் ஒரே மரத்தில்தான் போனார்கள் அன்றைக்கு. கட்டுமரம் என்றால் என்ன, நாலு கட்டை, அதைச் சேர்த்துப் பிடிக்கிற கட்டு, அவ்வளவுதானே, ஆணி கிடையாது, பசை கிடையாது, கட்டு விட்டால் மரமே இல்லை. நார்க் கட்டு மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது, இரண்டு பேரும் தட்டிப் பார்த்துத்தான் தள்ளினார்கள். உள்ளே இற்றிருந்தது. அலை முறிகிற இடத்தில் ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தமெல்லாம் இல்லை, சட்டென்று, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி, அவ்வளவு அலைச் சத்தத்திலும் அது தனியாகக் கேட்டது, கட்டைகள் நாலு பக்கமும் விரிந்தன, இவன் கையில் ஒரு கட்டை இருந்தது, தம்பி கையில் இல்லை. ஒரு தரம் தலை தெரிந்தது. அண்ணா என்று கூப்பிட்டானா, தண்ணீர் குடித்த சத்தமா என்று இன்றைக்கும் இவனுக்குத் தெரியாது. அந்த நார் சத்தம் மட்டும் தெரியும். அதற்கப்புறம் நைலானைத் தவிர வேறு எதையும் கையால் தொட்டதில்லை, போட்ட முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போடாமல் விட்டதில்லை. விட்டால் போய்விடும். அதைத்தான் கடல் கற்றுக்கொடுத்தது, அதை நம்பித்தான் சுல்தானுக்கும் கட்டினான், இப்போது சிலார் பாய் வந்து விடுகிற இடம் ஒன்று வை என்கிறார்.

காகிதத்தைப் பிரித்தான். வாசனை வந்தது, ஈரமும் உப்பும் மக்கினதுமாக, அப்பாவின் தோள் வாசனை, தம்பியின் வாசனை. கை கூசியது. தலைக்கயிறு ஏறக்குறைய முடிந்துவிட்டது, மூக்குக் கயிறு, கன்னத்துக் கயிறு, தாடைக்குக் கீழே கயிறு பிடிக்க ஒரு வளையம், இனி காதுக்குப் பின்னால் போய் இடது கன்னத்தில் வந்து மாட்டுகிற இடம் ஒன்றுதான் பாக்கி. அந்த இடத்தில் நைலானோடு நைலானைச் சேர்க்காமல் நடுவில் நாரால் ஒரு சின்ன வளையம். குதிரை உயிருக்கு இழுத்தால் நார் அறும், தலைக்கயிறு மொத்தமும் கழன்று கீழே விழும், குதிரைக்கு ஒன்றும் ஆகாது. சரி. அப்புறம்? அப்புறம் குதிரை ஓடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓடும், முதுகில் யார் வீட்டுக் குழந்தையாவது உட்கார்ந்திருக்கும், ஐஸ்கிரீம் கையில் வைத்துக்கொண்டு, அப்பன் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருப்பான். ஐயோ. நாரை மடித்துத் தனித்தனிப் பிரியாகப் பிரித்தான், வேண்டாமென்று மறுபடியும் சேர்த்தான். கெட்டியாகக் கட்டினால் குதிரை சாகும், லேசாகக் கட்டினால் குழந்தை சாகும். குழந்தை ஏறும்போது கடிவாளம்தானே போடப்போகிறோம், இது கட்டிவைக்கத்தானே, கட்டிவைக்கும்போது முதுகில் யார் இருக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொன்னது நியாயம்தான், ஆனால் நியாயம் கைக்கு எட்டவில்லை. தூரத்தில் கடல் வெள்ளையாகப் பளபளத்தது, லாஞ்சு ஒன்று புள்ளியாக வடக்கே போய்க்கொண்டிருந்தது, அது பூபாலன் லாஞ்சு இல்லை, அவன் கரையில்தான் இருக்கிறான், ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறான், தெரியும், தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளை கடலில் இருக்கிற நாளெல்லாம் இவன் இப்படித்தான், புள்ளியைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், புள்ளி மறைந்தால் அதைவிட. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வார்த்தையெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறான். உங்கம்மாவுக்கு ஒடம்பு முன்ன மாதிரி இல்ல. எனக்கும் வயசாவுது. உங்க சித்தப்பன நெனச்சுப் பாரு. கடைசியில் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிடுவது, போக மாட்டேன் என்று சொல்ல வைத்துவிடுவது. அம்மா தலையில் அடித்த சத்தியத்தை மீறுகிறவன் இல்லை பூபாலன். அது அவிழாத முடிச்சு. அந்த யோசனை வந்ததும் நிம்மதியாக இருந்தது, மூச்சு சீராக வந்தது, கை பாட்டுக்கு நாரை முறுக்கி வளையத்தைக் கோத்து முடித்தது. முதல் முடிச்சையும் அவிழ்த்து ஒழுங்காகப் போட்டான்.

"யோவ், அனல்ல குந்திகினு இன்னாயா பண்ற? நெயலு பூட்டுது பாரு" என்று கஜாவின் குரல்தான் முதலில் வந்தது. அவளுக்குப் பின்னால் பூபாலன். பை தோளில், இன்னும் கறுத்திருந்தான், தாடி வேறு. இவனைப் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே பையைக் கீழே போட்டான். "யாருதும்மா?" என்றான். "யாருது? நம்முளுதுதான். உங்க நைனா வாங்கினு வந்தாரு, எம் பொடவையக் கட்டி இட்டுனு வந்தாரு." அவன் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றான், கை நீட்டவில்லை, தொடவில்லை, அதுவாக வரட்டும் என்று நின்றான், குதிரை கழுத்தை நீட்டி அவன் சட்டையில் டீசலும் மீனுமாக எதையோ முகர்ந்து, உதட்டால் பித்தானை இழுத்துப் பார்த்தது. அவன் மூக்குத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்தான். பிறகு திரும்பினான், எட்டியப்பன் மடியில் கிடந்த தலைக்கயிற்றின் மேல் கண் விழுந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கஜா அவசரமாக, "வாடா, சோறு வடிச்சு வச்சுட்டுத்தான் வந்தேன், வஞ்சிரம் கீது" என்றாள். அவன் அசையவில்லை. கையை நீட்டினான். எட்டியப்பன் கொடுத்தான். கொடுக்கும்போது, இவன் இதைக் கடலில் வீசிவிடுவான் என்றுதான் நினைத்தான், வீசினால் வீசட்டும் என்றும் நினைத்தான். பூபாலன் ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிக்கொண்டே போனான், வலையில் ஓட்டை தேடுகிறவன் தடவுகிற மாதிரி, மூக்கு, கன்னம், தாடை, நெருக்கிப் பார்த்தான், இறுகவில்லை, அடுத்ததுக்குப் போனான், இடது கன்னத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "இது இன்னா?" நேராக இவனைப் பார்த்துக் கேட்டான். "தேங்கா நாரு" என்றான் எட்டியப்பன். கஜா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு?" "அறுந்து போறதுக்குடா."

பூபாலன் மூக்குக் கயிற்றைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு மேல் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அறவில்லை. காலை நன்றாக ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தரம் இழுத்தான். அறவில்லை. "அறுவல, நைனா" என்றான். நைனா என்றான். எத்தனை மாசத்துக்கப்புறம், அதுவும் அறுவல என்கிற வார்த்தைக்குப் பின்னால். எட்டியப்பன் எழுந்து வந்து பார்த்தான். இரண்டு பிரி போதும் என்றுதான் எடுத்தான், நிச்சயமாகத் தெரியும், ஆனால் வளையத்தில் கயிறு பிரிக்காத முழுக் கனத்தோடு இருந்தது, மடித்து, பின்னி, போட்டதன் மேல் இன்னொரு சுற்றும் சுற்றி, நைலான் தோற்றுப்போகும். சத்தியத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் கை செய்த வேலை. "நா போடலடா" என்றான், அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது, "கை போட்டுடுச்சு. நா ரெண்டு பிரிதான்டா நெனச்சேன், கை கேக்க மாட்டேங்குதுடா," சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனுஷன், பலூன்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறான், வந்துவிட்டது, என்ன செய்வது. பூபாலன் அவன் அழுகிறதைப் பார்த்துக்கொண்டே இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். அதே கத்திதான். வளையத்தை அறுத்துப் போட்டான், மணலில் குந்தினான், மிச்சமிருந்த நாரில் இரண்டு பிரியைப் பிரித்தெடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்ற முனையை அப்பன் பக்கம் நீட்டினான். இருவருமாக முறுக்கினார்கள், முன்னே கிழிந்த வலை பொத்துகிற காலத்தில் செய்த மாதிரியே, ஒருவர் பிடிக்க ஒருவர் சுற்ற. எட்டியப்பனின் விரல் இன்னொரு சுற்றுக்குப் போகும்போதெல்லாம் பூபாலன் தன் விரலை அதன் மேல் வைத்தான், அழுத்தக்கூட இல்லை, வைத்தான். முடிந்ததும் மிதித்து இழுத்தான். சட்டென்று அறுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற அதே சத்தம். எட்டியப்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, காலடியில் மணல் விரிந்த மாதிரி இருந்தது, ஏகா என்று வாய்க்குள் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. குதிரை காதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொள்ளுப் பையில் மூக்கை விட்டது. பிள்ளை அறுந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே குந்தியிருந்தான், முழுசாக, உயிரோடு. "இவ்ளோதான். இதே கனத்துல இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றான்.

இன்னொன்று போட்டார்கள். கோத்து முடித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது, சுண்டல் கூடைகள் மணலில் இறங்கிவிட்டன. "லாஞ்சு எப்பக் கெளம்புது?" என்று எட்டியப்பன் கயிற்றைப் பார்த்தபடி கேட்டான். "நாளான்னிக்கு." கஜா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், அவள் தலை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, வார்த்தைகளும் வரிசையாகத் தொண்டையில் நின்றன, உங்கம்மாவுக்கு ஒடம்பு, எனக்கும் வயசாவுது, உங்க சித்தப்பன். "குதிரைக்காக வேலைய உட மாட்டேன், நைனா" என்றான் பூபாலன், கேட்காமலேயே, கோபமில்லாமல். "வரும்போதெல்லாம் பாத்துக்கறேன். எனக்கு லாஞ்சு புடிச்சிருக்கு." அவ்வளவுதான் சொன்னான். எட்டியப்பன் தலைக்கயிற்றை அவனிடம் நீட்டினான், இனி அதை அவன்தான் போட வேண்டும், எந்த உசுரு மேலயும் இவன் கை கயிறு போடக்கூடாது என்பதுதானே பேச்சு. பூபாலன் வாங்கவில்லை. எழுந்து, பாண்டில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு, குதிரையின் பக்கத்தில் இடம் விட்டு விலகி நின்றான். "நீயே போடு." "நானா?" "பின்ன? கட்னவன் நீதான?" கயிற்றை விரித்துப் பிடித்தான், குதிரை தலையைத் தாழ்த்திக் கயிற்றுக்குள் தானே மூக்கை விட்டது. மூக்குக் கயிறு தழும்புக்கு மேலே, எலும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டு விரல் விட்டுப் பார்த்தான், போனது. காதுக்குப் பின்னால் சுற்றி இடது கன்னத்தில் நாரில் மாட்டினான், ஒரே ஒரு மாட்டல், மேலே இன்னொன்று போடாமல் கையை எடுத்தான். புடவையை அவிழ்த்துக் கஜாவிடம் கொடுத்தான், அவள் அதை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "ராத்திரில அவுத்துடணும் நைனா, கயித்தோட உட்டுடாத" என்றான் பூபாலன், பையைத் தோளில் போட்டுக்கொண்டே. "நா இருக்க மாட்டேன். மறந்துடப் போற." "அவுத்துடறேன்டா" என்றான் எட்டியப்பன். போகாதே என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்துவைத்திருந்த இடத்தில் அதுதான் வந்தது, இன்னொரு தரமும் அதையே சொன்னான்.